பாறைக்கடியில் ஒரு தபால் பெட்டி

இங்கிலாந்து நாட்டின் தென்மேற்கே, டெவன் மாவட்டத்தில், டார்ட்மூர் என்றொரு மேட்டுநிலம் உண்டு. ஏறத்தாழ 954 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இந்நிலம் 1951ஆம் ஆண்டு முதல் தேசியப் பூங்காவாகப் பேணப்பட்டு வருகிறது. பூங்கா என்றதும் பூச்செடிகளை எண்ணிவிட வேண்டாம். மரங்கள் ஆங்கு அருமை. தலைதூக்கி நிற்கும் கருங்கற் குன்றுகள், காலை உள்ளிழுக்கும் சதுப்பு, மேய்ந்து திரியும் மட்டக்குதிரைகள், சொல்லாமல் வந்து கவியும் மூடுபனி – இவையே அதன் காட்சிகள். கண்ணுக்கெட்டிய தொலைவில் ஒரு வீடும் தென்படாத அவ்வெளியில் ஆயிரக்கணக்கான தபால் பெட்டிகள் ஒளிந்து கிடக்கின்றன என்றால் வாசக அன்பர்கள் நம்புவார்களா?

நம்பத்தான் வேண்டும். கதை 1854இல் தொடங்குகிறது. சாக்ஃபோர்டு என்னும் சிற்றூரில் ஜேம்ஸ் பெரட் என்றொருவர், மேட்டுநிலத்தைக் காண வரும் பட்டணத்தாருக்கு வழிகாட்டியாக இருந்தார். வடபகுதியின் நடுவே கிரான்மியர் குளம் என்னும் இடம் இருக்கிறது. குளம் என்பது பெயரளவில்தான். நீர் வடிந்துபோன கரிய சதுப்புக் குழி அது. (பாவம் செய்த ஒருவனின் ஆவிக்கு, சல்லடையால் அக்குளத்து நீரை இறைக்கும்படி தண்டனை விதிக்கப்பட்டதாம், அவனோ சல்லடையில் ஆட்டுத்தோலைப் பரப்பி இறைத்து முடித்துவிட்டானாம். அவ்வூரார் சொல்லும் கதை இது.) அங்கே போய்ச் சேர்வது அந்நாளில் எளிதன்று. சென்றவர்கள் சென்றதற்கு ஓர் அடையாளம் இருக்கட்டும் என்று பெரட் ஒரு சீசாவை வைத்தார். வந்தவர்கள் தம் பெயர் அச்சிட்ட சீட்டை அதில் இட்டுச் சென்றனர். பின்னர் சீசா போய்த் தகரப் பெட்டி வந்தது; 1905இல் கையொப்பமிட ஒரு குறிப்பேடும் வந்தது.

நம் உள்ளத்தைக் கவர்ந்தது இவற்றையொட்டி எழுந்த மற்றொரு வழக்கம். நடந்து சென்றவர், தமக்கோ தம் வீட்டாருக்கோ முகவரியெழுதித் தபால்தலை ஒட்டிய அட்டையொன்றைப் பெட்டியில் விட்டு வருவார். அடுத்து வருபவர் அதனை எடுத்துச் சென்று தம் ஊர்த் தபாலில் சேர்ப்பார். அடுத்தவர் நாளையும் வரலாம், அடுத்த மாதமும் வரலாம். விட்டவர் யார், எடுத்தவர் யார் என ஒருவரையொருவர் அறியார். ஆயினும் அட்டை வீடு வந்து சேர்ந்தது. 'லெட்டர்பாக்சிங்' என்று ஆங்கிலத்தில் வழங்கும் பொழுதுபோக்கின் தோற்றம் இதுவே.

இன்று பெட்டிகள் பெரும்பாலும் சிறு பிளாஸ்டிக் டப்பாக்களே. உள்ளே ஒரு குறிப்பேடும் ஒரு ரப்பர் முத்திரையும் இருக்கும். முத்திரை பெரும்பாலும் பெட்டியை வைத்தவரே வரைந்த படம்: பறவையாக இருக்கும், பழைய பாலமாக இருக்கும், ஊர்க் கோயிலின் கோபுரமாகவும் இருக்கும். கண்டெடுத்தவர் அம்முத்திரையைத் தம் ஏட்டில் பதித்துக்கொள்வார். தம் சொந்த முத்திரையைப் பெட்டியின் ஏட்டில் பதிப்பார். பிறகு இருந்தவாறே மூடி, இருந்த இடத்திலேயே வைத்துவிடுவார். எடுத்துச் செல்வது மைத்தடம் ஒன்றே. நூறு பெட்டிகளைக் கண்டவர்களுக்கெனச் சங்கம் ஒன்றும் இருக்கிறது.

தேடும் வழிதான் பிள்ளைகளுக்கு விருந்து. இந்தக் குன்றின் உச்சி வடக்கிலிருந்து இத்தனை பாகையில் தெரிய வேண்டும், அந்தக் குன்று இத்தனை பாகையில் தெரிய வேண்டும், அங்கிருந்து இத்தனை எட்டு நடந்தால் தட்டைக்கல் என்று குறிப்பு இருக்கும். தேசப்படத்தை விரித்து, திசைகாட்டியைக் கையில் ஏந்தி, தந்தையும் மகளும் வழக்காடிக்கொண்டே நடப்பார்கள். பள்ளியில் கோணமானியைக் கண்டு கசந்த பிள்ளை இங்கே அதன் பயனைத் தானே உணர்ந்துகொள்ளும்.

நினைவுச் சின்னமாகவும் ஒரு பெட்டி உண்டு. வில்லியம் கிராசிங் என்பவர் வாழ்நாளெல்லாம் டார்ட்மூரை நடந்தே அளந்து, 1909இல் அதற்கொரு வழிகாட்டி நூல் வெளியிட்டார். 1928இல் அவர் காலமானார். பத்தாண்டு கழித்து, 1938இல், அன்பர்கள் தென்பகுதியில் டக்ஸ் குளம் என்னுமிடத்தில் அவர் நினைவாக ஒரு தபால் பெட்டியை அமைத்தனர். சிலை வைத்திருந்தால் இத்தனை பேர் அவரைத் தேடி நடந்திருப்பார்களோ என்னவோ.

ஆனால் தேடுவோர் பெருகியபோது தொல்லையும் பெருகிற்று. டார்ட்மூர் முழுவதும் பழங்காலத்து மக்களின் கல்வரிசைகளும், கற்குவை மூடிய புதைகுழிகளும் பரந்து கிடக்கின்றன. ஆயிரமாயிரம் ஆண்டுகள் அசையாதிருந்த கல்லை ஒரு டப்பாவுக்காகப் புரட்டுவது முறையா? முறையன்று என்று தேடுவோரே உணர்ந்து கட்டுப்பாடு வகுத்துக்கொண்டனர். பழஞ்சின்னங்களிலும் சுவர்களிலும் பெட்டி வைத்தலாகாது, மண்ணைத் தோண்டலாகாது, சிமெண்டு பூசலாகாது. வடபகுதியில் படையினர் சுடும் பயிற்சி செய்யும் நாட்களில் சிவப்புக் கொடி பறக்கும். அப்போது எவரும் உள்ளே செல்லலாகாது. கிரான்மியரும் அவ்வெல்லைக்குள்ளேயே இருக்கிறது.

அந்தப் பழஞ்சின்னங்களுள் நம் கண்ணுக்கு இனியவை கற்சிலுவைகள். பாதையற்ற வெளியில் வழிப்போக்கர் திசை தவறாதிருக்க முன்னோர் நாட்டியவை அவை. சிவார்டு சிலுவை என்பது 1240ஆம் ஆண்டு எல்லை ஆவணத்திலேயே குறிக்கப்பட்டுள்ளது. மேட்டுநிலத்தின் விளிம்பில் பக்ஃபாஸ்ட் மடம் நிற்கிறது. 1018இல் தோன்றி, 1539இல் எட்டாம் ஹென்றி மன்னனால் மூடப்பட்ட இம்மடத்திற்கு, 1882இல் பிரான்சிலிருந்து வந்த புனித ஆசீர்வாதப்பர் சபைத் துறவிகள் மீண்டும் உயிர் கொடுத்தனர். ஒரு நேரத்தில் நால்வர் அறுவர் என்ற அளவிலேயே உழைத்து, 1907 முதல் 1938 வரை தம் கைகளாலேயே கோவிலை எழுப்பினர். நம் பங்குகளிலிருந்து அந்நாடு சென்று செவிலியராகவும் மாணவராகவும் வாழ்வோர், அங்கே திருப்பலி கண்டபின் பிள்ளைகளுடன் ஒரு பெட்டியைத் தேடிப் புறப்படலாம்.

இனி, இதன் இளைய உறவைப் பற்றியும் சொல்ல வேண்டும். அமெரிக்க அரசு தன் செயற்கைக்கோள்கள் அனுப்பும் இடங்காட்டும் அலையில், படைத்துறைக் காரணங்களுக்காக, பொதுமக்களுக்கு மட்டும் வேண்டுமென்றே பிழையைக் கலந்து வந்தது. நூறு மீட்டர் வரை தவறு நேரலாம். 2000 மே 2ஆம் நாள் அப்பிழை நீக்கப்பட்டது. மறுநாளே, ஆரிகன் மாநிலத்தில் டேவ் உல்மர் என்பவர் காட்டோரத்தில் ஒரு வாளியை ஒளித்து வைத்து, அட்சரேகை தீர்க்கரேகைக் கணக்கை உலகுக்கு அறிவித்தார். வாளிக்குள் புத்தகம், கவண், ஒரு டின் அவரை விதை போன்றவை இருந்தன. எதையேனும் எடுத்தால் எதையேனும் வைக்க வேண்டும் என்பது விதி. மூன்று நாட்களுக்குள் இருவர் அதனைக் கண்டுபிடித்துவிட்டனர். 'ஜியோகேச்சிங்' எனப் பெயர்பெற்ற இவ்விளையாட்டில் இன்று உலகெங்கும் முப்பது இலட்சத்திற்கு மேற்பட்ட பெட்டிகள் உள்ளன. செல்பேசி ஒன்றே போதும்.

வசதி மிகுந்தது உண்மைதான். எனினும் திரையைப் பார்த்தே நடப்பவர் குன்றைப் பார்ப்பதில்லையே என்ற குறை நமக்கு உண்டு. கடைத்தெருவில் ஒளித்த பெட்டியை வெடிகுண்டென்று அஞ்சிக் காவலர் தெருவையே அடைத்த நிகழ்ச்சிகளும் உண்டு. ஊர்ப்புறமும் வெட்டவெளியுமே இதற்குத் தக்க இடங்கள். நில உடைமையாளரின் இசைவும் முன்கூட்டியே பெறப்பட வேண்டும்.

நிலத்தில் மறைந்திருந்த புதையலைக் குறித்து ஆண்டவர் சொன்ன உவமையில், கண்டவன் எல்லாவற்றையும் விற்று அந்நிலத்தை வாங்கிக்கொள்கிறான். இங்கோ கண்டவர் ஒன்றையும் வாங்குவதில்லை. பெட்டிக்குக் காவலில்லை, பூட்டில்லை. யாரேனும் ஒருவர் முத்திரையைத் தூக்கிச் சென்றால் அடுத்த குடும்பம் மழையில் நடந்து வந்து வெறும் டப்பாவைக் காணும். அவ்வாறு நேர்வதும் உண்டு. வைத்தவர் மறுபடி வந்து புதியது வைத்துவிட்டுப் போகிறார். ஆதலால் பிள்ளைகளுக்கு முதலில் கற்பிக்கப்படுவது தேடும் முறையன்று, மூடும் முறைதான்: மூடியில் மண் ஒட்டியிருந்தால் துடைக்க வேண்டும், ஏட்டை உறைக்குள் மடித்து வைக்க வேண்டும், மழைநீர் புகாதவாறு அழுத்தி மூடி, எடுத்த கல்லை எடுத்த பக்கமே சாய்த்து வைத்துவிட்டுப் புறப்பட வேண்டும்.