75 மில்லிமீட்டர் ரகசியம் தெரியுமா?

லேசர் பிரிண்டருக்குள் ஒரு சொட்டு மைகூடக் கிடையாது, தெரியுமா? இருப்பதெல்லாம் பொடி! நுண்ணிய பிளாஸ்டிக் தூளோடு கரித்தூள் கலந்த டோனர். எழுத்தாணியால் ஓலையில் கீறி, விளக்குக்கரி தடவி எழுத்தைத் துலங்கவைத்தார்களே நம் முன்னோர், அந்தக் கரியின் பங்காளிதான் இன்று மேலூர் விவசாயியின் பட்டாவில் அச்சாகிறது!

பொடியை இழுப்பது மின்னூட்டம், உருக்கி ஒட்டவைப்பது ஏறக்குறைய 200 டிகிரி சூடு. 1938 அக்டோபர் 22-ல் நியூயார்க்கின் அஸ்டோரியாவில் செஸ்டர் கார்ல்சனும் உதவியாளர் ஓட்டோ கோர்னெயும் கந்தகம் பூசிய துத்தநாகத் தகட்டைக் கைக்குட்டையால் தேய்த்து மின்னூட்டினார்கள். ஒளி காட்டிப் பொடி தூவி, மெழுகுத்தாளில் ஒற்றி எடுத்தார்கள். அன்றைய தேதியும் ஊர்ப் பெயரும்தான் உலகின் முதல் ஜெராக்ஸ்!

சரி, மதுரையில் எந்த ஜெராக்ஸ் கடையிலும் காதில் விழுகிற புலம்பலுக்கு வருவோம். "அண்ணே, பிரிண்ட்ல புள்ளி விழுதுண்ணே!" உடனே கேட்ரிட்ஜைத் தூக்கிப் போடாதீர்கள். ஸ்கேலை எடுங்கள்! ஒரே புள்ளி மேலிருந்து கீழாக 75 மில்லிமீட்டருக்கு ஒருமுறை வருகிறதா? அப்படியென்றால் காயம் டிரம்மில், அதாவது மின்னூட்டத்தால் பொடியை இழுக்கும் உருளையில். சின்னக் கடைகளில் ஓடும் 12ஏ கேட்ரிட்ஜின் டிரம் 24 மில்லிமீட்டர் விட்டம். அது ஒரு சுற்றுச் சுற்ற ஆகும் தூரம்தான் இந்த 75! இடைவெளி வேறாக இருந்தால் குற்றவாளி வேறு உருளை. குற்றவாளியைக் காகிதமே காட்டிக்கொடுக்கிறது!

பக்கம் நெடுகக் கறுப்புக் கோடா? டிரம்மில் கீறல், அல்லது அதை வழித்துச் சுத்தம் செய்யும் பிளேடு தேய்ந்திருக்கும். ரீஃபில் செய்யும்போது கழிவு டோனரைக் கொட்டாமல் விட்டாலும் அது வழிந்து பக்கத்தையே பாழாக்கும். பாதிப் பேர் இதைத்தான் மறக்கிறார்கள். விரலால் தேய்த்தால் எழுத்து உதிர்கிறதா? பொடியை உருக்கி ஒட்டவைக்கும் ஃபியூசரின் சூடு போதவில்லை. இன்னும் ஒரு வியப்பு: அச்சாகும்போதே பாதியில் கதவைத் திறந்து நிறுத்துங்கள். டிரம்மில் எழுத்து பளிச்சென்று இருந்து காகிதத்தில் மங்கியிருந்தால், டோனர்மேல் பழியே இல்லை. பொடி காகிதத்துக்கு இறங்கும் இடத்தில்தான் கோளாறு!

ஐப்பசி மழையில் பிரிண்ட் திட்டுத்திட்டாக வெளுப்பது ஏன் தெரியுமா? காகிதம் ஈரத்தை உறிஞ்சியதால் மின்னூட்டம் கசிந்துவிடுகிறது. பேப்பர் கட்டின் உறையைப் பிரித்துப்போட்டு வைக்காதீர்கள். கழற்றிய டிரம்மைச் சித்திரை வெயிலில் காட்டவும் கூடாது, ஒளி பட்டே கெட்டுப்போகும். சட்டையில் டோனர் கொட்டினால் முதலில் உதறுங்கள், பிறகு பச்சைத்தண்ணீரில் அலசுங்கள். வெந்நீர் பட்டால் கறை ஒட்டிக்கொள்ளும்!

ஒரு புள்ளி சர்வே எண்ணின் 3-ஐ 8 ஆகக் காட்டிவிடும். பட்டாவோ மனுவோ, கடைப் படி இறங்குமுன் எண்களை ஒருமுறை படித்துப் பாருங்கள், விரலால் லேசாகத் தேய்த்தும் பாருங்கள்.