கேட்கத் தெரிந்தவர் யார்?

ஒரு பிள்ளைக்குத் தகாத தீங்கு இழைக்கப்பட்டுவிட்டது. பல நாள் மௌனத்துக்குப் பின் அது தாயிடம் வாய் திறக்கிறது. தாய் தந்தையிடம் சொல்கிறார். பிறகு ஆசிரியர், காவல் அதிகாரி, மருத்துவர், நீதித்துறை நடுவர், வழக்கறிஞர் என ஒருவர் பின் ஒருவராக வந்து அதையே கேட்கிறார்கள். இவர்கள் அனைவரும் படித்தவர்கள். தத்தம் பணியில் தேர்ந்தவர்கள். ஆயினும் ஆறு வயதுப் பிள்ளையிடம் எப்படிக் கேட்க வேண்டும் என்பதை இவர்களுள் எத்தனை பேர் முறையாகக் கற்றிருக்கிறார்கள்?

கேட்பதற்குக் கூடவா பயிற்சி என்று சிலர் வினவக்கூடும். அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில், மன்ஹாட்டன் பீச் என்னும் ஊரில் நடந்த மெக்மார்ட்டின் மழலையர் பள்ளி வழக்கை அவர்கள் அறிய வேண்டும். 1983-இல் ஒரு தாய் புகார் கொடுத்தார். காவல்துறை சுமார் 200 பெற்றோருக்குக் கடிதம் எழுதி, சந்தேகத்துக்குரியவரின் பெயரையும் குறிப்பிட்டு, பிள்ளைகளிடம் விசாரிக்கச் சொன்னது. அதன்பின் நூற்றுக்கணக்கான பிள்ளைகளிடம் பேட்டி எடுக்கப்பட்டது. பேட்டி கண்டவர்கள் பிள்ளைகளின் நலன் நாடியவர்கள்தாம். ஆனால் கையில் பொம்மையைக் கொடுத்து, மற்றப் பிள்ளைகள் எல்லாம் சொல்லிவிட்டார்கள் என்று தூண்டி, சொன்ன பிள்ளையைப் பாராட்டி, சொல்லாத பிள்ளையிடம் மீண்டும் மீண்டும் கேட்டார்கள். பள்ளிக்கு அடியில் சுரங்கம் இருந்தது என்பது போன்ற செய்திகளும் வாக்குமூலங்களில் ஏறின. குற்றஞ்சாட்டப்பட்டவருள் ஒருவர் தீர்ப்பு ஏதுமின்றி ஐந்தாண்டுகள் சிறையில் கழித்தார். 1990-இல் ஒருவருக்கும் தண்டனையின்றி வழக்கு முடிந்தது. எந்தச் சொல் பிள்ளையின் சொல், எது கேட்டவர் ஊட்டிய சொல் என்று எவராலும் பிரித்தறிய இயலவில்லை.

இத்தகைய அனுபவங்களுக்குப் பின்னர்தான் விசாரணை முறையே ஆய்வுக்குரிய துறையாயிற்று. 1990-களில் அமெரிக்கத் தேசியக் குழந்தைநல, மனித வளர்ச்சி நிறுவனத்தில் மைக்கேல் லேம்ப் முதலான ஆய்வாளர்கள் ஒரு நெறிமுறையை வகுத்தனர். முதலில் பிள்ளையுடன் பழக வேண்டும். தெரியாததைத் தெரியாது என்று சொல்லலாம், கேட்பவர் தவறாகச் சொன்னால் திருத்தலாம் என்று அதற்கு உணர்த்த வேண்டும். பிறகு அண்மையில் நடந்த ஒரு சாதாரண நிகழ்ச்சியை, நம் வீடுகளில் என்றால் சென்ற பெருநாளை, தொடக்கம் முதல் முடிவு வரை சொல்லச் செய்ய வேண்டும். இது பயிற்சி. அதன்பின்னரே விஷயத்துக்கு வருவது. அப்போதும் "அவர் உன்னைத் தொட்டாரா?" என்று தொடங்கலாகாது. "எதைச் சொல்ல வந்தாய்? அப்புறம் என்ன நடந்தது?" என்று கேட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். ஆசிரியர்களாகிய எங்களுக்கு ஒரு குணம் உண்டு; நாம் எதிர்பார்க்கும் விடை வரும்வரை விடமாட்டோம். வகுப்பறையில் அது பயன் தரும். இங்கே அதுவே கேடு.

அந்த ஆய்வுகள் கண்ட மற்றொரு செய்தி எனக்கு மிக முக்கியமாகத் தோன்றுகிறது. சில நாள் பயிலரங்கில் அமர்ந்து எழுந்தவர்கள் நெறிமுறையை நன்றாகவே ஒப்பித்தார்கள். ஆனால் பிள்ளையின் முன் அமர்ந்ததும் பழைய வழியிலேயே கேட்டார்கள். அவர்கள் எடுத்த பேட்டிகளின் பதிவை வைத்துக்கொண்டு ஒருவர் தொடர்ந்து பிழை திருத்தி வந்தபோதுதான் மாற்றம் நிலைத்தது. அந்தக் கண்காணிப்பு நின்றதும் சில மாதங்களிலேயே பழைய பழக்கம் திரும்பிற்று. சான்றிதழ் வழங்கிப் புகைப்படம் எடுப்பதோடு முடியும் ஒருநாள் முகாம்களை நடத்துவோர் இதைக் கவனிப்பார்களாக!

நம் நாட்டின் நிலை என்ன? 2007-இல் மத்திய அரசு வெளியிட்ட ஆய்வில் 13 மாநிலங்களைச் சேர்ந்த 12,447 பிள்ளைகள் கலந்துகொண்டனர். 53.22 விழுக்காட்டினர் ஏதேனும் ஒருவகைப் பாலியல் தீங்குக்கு ஆளானதாகக் கூறினர். பெரும்பாலோர் அதை எவரிடமும் முறையிடவில்லை. 2012 நவம்பர் 14 அன்று போக்சோ சட்டம் நடைமுறைக்கு வந்தது. வாக்குமூலம் பெறும் காவல் அதிகாரி சீருடையில் இருக்கக்கூடாது. கூடியவரை அவர் பெண் உதவி ஆய்வாளருக்குக் குறையாத பதவியினராக இருத்தல் வேண்டும். பிள்ளையின் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ வாக்குமூலம் பெறலாம். இரவில் எக்காரணம் கொண்டும் பிள்ளையைக் காவல் நிலையத்தில் வைத்திருக்கக்கூடாது. நீதிமன்றத்தில் வழக்கறிஞர் நேராகக் கேட்க முடியாது. நீதிபதி வழியாகவே கேட்க வேண்டும். அவசர சிகிச்சைக்கு முன் மருத்துவமனை எந்த ஆவணமும் கோரலாகாது என்று 2020-ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன.

சட்டம் செம்மையாகவே எழுதப்பட்டுள்ளது. அதைக் கையாளும் கைகள்? அறிவியல் அடிப்படையற்ற இரு விரல் பரிசோதனையை 2013-இலேயே உச்ச நீதிமன்றம் கண்டித்திருந்தது. ஆயினும் 2022 அக்டோபரில் அதே நீதிமன்றம், அதைச் செய்பவர் ஒழுங்கீனக் குற்றவாளி என்று மீண்டும் சொல்ல நேர்ந்தது. மருத்துவர்களுக்குப் பயிலரங்கு நடத்தவும், மருத்துவக் கல்லூரிப் பாடத்திட்டத்தைத் திருத்தி அமைக்கவும் அது உத்தரவிட்டது.

இனி நம்மிடம் வருவோம். பிள்ளை முதலில் நாடுவது அதிகாரியை அன்று; உங்களைத்தான். விசாரிக்காதீர்கள். அது சொல்வதை முழுதும் கேட்டு, அதன் சொற்களிலேயே தேதியுடன் எழுதி வையுங்கள். பத்து உறவினர் முன் மறுபடியும் சொல்லச் செய்யாதீர்கள். குடும்பத்துக்குள் பேசித் தீர்க்கலாம் என்பவர்களுக்கு ஒரு வார்த்தை: குற்றத்தை அறிந்தவர் எவராயினும் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது சட்டத்தின் 19-ஆம் பிரிவு. மறைத்தால் ஆறு மாதம் வரை சிறை உண்டு. நிறுவனத் தலைவர் மறைத்தால் ஓராண்டு வரை. நல்லெண்ணத்துடன் தெரிவித்தவர்மீது வழக்கு இல்லை. 1098 என்ற எண்ணிலும் உதவி பெறலாம்.

பிள்ளைகள் தங்கும், பயிலும் எந்த நிறுவனமும் தன் ஊழியர் அனைவரின் பின்னணியையும் காவல்துறை மூலம் குறித்த கால இடைவெளிகளில் சரிபார்க்க வேண்டும். அவர்களுக்குப் பயிற்சியும் அளிக்க வேண்டும் என்பது 2020 விதிகளில் உள்ளது. பிள்ளைகள் பயிலும் மதரஸாவும் விடுதியும் இதற்குப் புறம்பானவை அல்ல. நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதங்கள் அங்கேதான் உறங்கி எழுகின்றன. உங்கள் மஹல்லாவின் அடுத்த நிர்வாகக் கூட்டத்தில் எழுந்து கேளுங்கள்: ஊழியர்களுக்குக் கடைசியாகப் பயிற்சி நடந்தது எப்போது? நடத்தியவர் யார்? அடுத்தது எந்தத் தேதியில்?