எடையிட்டுத் தேர்தல்

புதுச்சேரியிலிருந்து கடலூர் செல்லும் சாலையில் அமைந்துள்ளது தவளக்குப்பம். கடலுக்கு அண்மையில் உள்ள இத்தகைய ஊர்களில் நிலத்தடி நீரை அளவுக்கு மீறி இறைத்தால் உவர்நீர் உட்புகும். இங்குள்ள உழவர் ஒருவர் தம் ஒரு காணி நிலத்தில் நெல், கரும்பு, சவுக்கு ஆகியவற்றுள் எதனைப் பயிரிடுவது என எண்ணுவதாகக் கொள்வோம். நெல் ஏறத்தாழ நான்கு திங்களில் களம் சேரும். கரும்புக்கு ஓராண்டு வேண்டும். சவுக்குக்கோ மூன்று, நான்கு ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். ஆயினும் வேர்கொண்ட சவுக்கு நீரையும் ஆளையும் மிகுதியாகக் கேட்பதில்லை. ஒன்றில் உயர்வது மற்றொன்றில் தாழும் இந்நிலையில் துணைசெய்வதே பல்கூறு முடிவெடுப்பு முறை.

நீர்ச்சிக்கனம், விரைந்த வருவாய், கூலிச்சிக்கனம் என்னும் மூன்று கூறுகளுக்கும் பத்துக்கு இத்தனை என மதிப்பெண் இடுவோம். இவை விளக்கத்திற்காக நாம் இட்டவையே. நெல்லுக்கு முறையே 3, 9, 4. கரும்புக்கு 2, 5, 3. சவுக்குக்கு 9, 2, 8. மூன்றிலும் கரும்பு நெல்லுக்குப் பின்தங்குவதால் அதனை முதலிலேயே விலக்கலாம். கூறுகளுக்கு 50, 30, 20 விழுக்காடு எடை தந்து பெருக்கிக் கூட்டினால் நெல் 5.0, சவுக்கு 6.7 பெறும். கடன் தவணை நெருங்கிய உழவருக்கோ விரைவே பெரிது. அவர் எடைகளை 20, 60, 20 என மாற்றினால் நெல் 6.8, சவுக்கு 4.6. நிலமும் பயிரும் மாறவில்லை. மாறியது அவருடைய தேவை.

அவ்வாறெனில் எடையை எவ்வாறு வரையறுப்பது? தாமசு சாட்டி என்னும் அறிஞர் 1970களில் ஒரு வழி வகுத்தார். கூறுகளை இரண்டிரண்டாக ஒப்பிட்டு, ஒன்று மற்றொன்றைவிட எத்துணை முதன்மையானது என 1 முதல் 9 வரையிலான அளவில் குறிக்க வேண்டும். நீர் விரைவைப்போல் இருமடங்கு, விரைவு கூலியைப்போல் இருமடங்கு என்றவர், நீர் கூலியைப்போல் நான்கு மடங்கு என்றே கூற வேண்டும். இம்முரண்பாட்டின் அளவையும் அம்முறை கணக்கிட்டுக் காட்டும்.

கூட்டல் முறைக்கு ஒரு குறையும் உண்டு. ஒன்றில் பெற்ற மிகுதி மற்றொன்றின் குறையை மறைத்துவிடும். ஆழ்துளைக் கிணறு உவர்த்துவிட்டால் விரைந்த வருவாய்க்கு எத்தனை மதிப்பெண் தந்தும் பயனில்லை. இத்தகைய கூறுகளை எடையிடாமல் வாயிற்காவலாக நிறுத்த வேண்டும். முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு காட்டும் குடவோலை முறை அத்தகையதே. சொந்த மனையில் வீடு, 35 முதல் 70 வரையிலான வயது போன்ற தகுதிகளில் ஒன்று குறைந்தாலும் அவர் பெயர் குடத்துள் புகாது. பெருஞ்செல்வம் வயதுக் குறையை ஈடுசெய்யவில்லை.

நம் அட்டவணையில் விடுபட்ட கூறு ஒன்றும் உண்டு. 2011 டிசம்பர் 30 அன்று கரையைக் கடந்த தானே புயல் புதுச்சேரி, கடலூர்ப் பகுதிகளில் எண்ணற்ற மரங்களைச் சாய்த்தது. புயல் தாங்கும் திறனை நான்காம் கூறாகச் சேர்த்தால், நெடுநாள் நிற்க வேண்டிய சவுக்கின் மதிப்பெண்ணை மீண்டும் கணக்கிட வேண்டியிருக்கும்.