சலனமறியும் சூரிய விளக்கை இரவு முழுதும் எரியச் செய்தல்

பம்புசெட்டுக் கொட்டகை, மாட்டுத் தொழுவம், களம் முதலிய இடங்களில், ஆள் நடமாட்டத்தை உணர்ந்து தானே எரியும் சூரிய விளக்குகளைக் குடியானவர்கள் பலர் மாட்டி வருகின்றனர். இவ்விளக்குகளில் ஒரு குறை உண்டு. அசையும் உடலின் வெப்பத்தை மட்டுமே இவை உணரும். இரவில் நீர் பாய்ச்சச் சென்றவர் ஸ்டார்ட்டர் பெட்டியருகே அசையாது நின்றால், அரை நிமிஷத்துக்குள் விளக்கு அணைந்துவிடும். பாம்பின் உடல் சுற்றுப்புறத்தின் வெப்பத்தையே ஒத்திருப்பதால், அது ஊர்ந்து வந்தாலும் பெரும்பாலும் விளக்கு எரிவதில்லை. ஆகவே இத்தகைய இடங்களில், மங்கலாயினும் விடியுமளவும் எரியும் விளக்கே பாதுகாப்பானது.

வரவும் செலவும்

விளக்கைப் பிரிக்குமுன் அதன் சக்திக் கணக்கை அறிதல் அவசியம். 1 வாட் தகடும், 3.7 வோல்ட், 1,200 மில்லி ஆம்பியர்-மணி கொள்ளளவுள்ள லித்தியம் பாட்டரியும் கொண்ட விளக்கொன்றை உதாரணமாகக் கொள்க. பாட்டரி நிரம்பக் கொள்வது சுமார் 4.4 வாட்-மணி. நல்ல வெயில் நாளில், சேதாரம் போக, தகட்டிலிருந்து கிடைப்பது சுமார் 3 வாட்-மணியே. 1 வாட் செலவாகும் முழுப் பிரகாசத்துடன் எரியவிட்டால், நிரம்பிய பாட்டரியும் நாலரை மணி நேரத்துக்குள் தீர்ந்து, நடுநிசிக்கு முன்பே இருள் சூழும். 3 வாட்-மணியை 12 மணி நேரத்துக்குப் பங்கிட்டால், கால் வாட் அளவிலேயே செலவிடலாம். அதாவது சுமார் 70 மில்லி ஆம்பியர். எனவே விளக்கை இடையறாது எரியச் செய்வதோடு, அதன் பிரகாசத்தையும் குறைத்தாக வேண்டும்.

செய்முறை

முதலில் விளக்கின் பின்புறத்தைப் பார்க்கவும். பல விளக்குகளில், இடைவிடாது மங்கலாக எரிவதற்கான நிலையும் சுவிட்சிலேயே அமைந்திருக்கும். அவ்வாறிருப்பின் வேறு வேலை வேண்டியதில்லை.

இல்லையெனில், சுவிட்சை அணைத்து, தகட்டைத் துணியால் மூடி, பாட்டரியின் இணைப்பைக் கழற்றிய பின்னரே உள்ளே கை வைக்க வேண்டும். சலனமறியும் கருவி தனிப் பலகையாக மூன்று கம்பிகளுடன் இருந்தால், அவை மின்சாரம் வரும் கம்பி, எதிர்முனைக் கம்பி, கட்டளை செல்லும் கம்பி என்பனவாம். கட்டளைக் கம்பியைக் கருவியினின்று நீக்கி, 10 கிலோ ஓம் ரெஸிஸ்டர் ஒன்றின் வழியாக மின்சாரம் வரும் கம்பியுடன் சேர்க்கவும். பிறகு, விளக்கு மணிகளுக்குச் செல்லும் கம்பியில் 15 ஓம் ரெஸிஸ்டரைத் தொடராக வைத்து, மீட்டரால் அளந்து, 70 மில்லி ஆம்பியர் அளவுக்குக் கொணரவும்.

முடிவில் தகட்டை மூடியும் திறந்தும் பார்க்க வேண்டும். வெளிச்சம் பட்டவுடன் விளக்கு அணைந்தால் வேலை செவ்வனே முடிந்ததாகும். பகலிலும் எரியுமாயின் பாட்டரி நிரம்பாது. பழைய இணைப்பையே மீண்டும் கொடுத்துவிடுக. எல்லாம் ஒரே பலகையில் அமைந்த விளக்கை மாற்ற முயலாமல், தொடர்ந்து எரியும் விளக்கொன்றை வாங்குவதே சிக்கனம்.

எச்சரிக்கை

லித்தியம் பாட்டரியின் இரு முனைகளும் ஒன்றையொன்று தொட்டால் தீப்பிடிக்கக் கூடும். பாட்டரியின் மீது நேராக ஈயம் பற்றவைத்தல் கூடாது. அதன் காப்புப் பலகையையும் நீக்கலாகாது. மூடியின் ரப்பர் வளையத்தை முன்போலப் பொருத்தாவிடில் மழைநீர் புகும்.

வயலோரத்தில் மாட்டுவோர் மற்றொன்றையும் கவனிக்க வேண்டும். நெல் குறும்பகற் பயிர். பருவ உணர்ச்சியுள்ள சம்பா ரகங்களின் மீது இரவு முழுதும் வெளிச்சம் விழுந்தால், கதிர் வெளிவருவது தாமதப்படும். பூச்சிகளும் வந்து மொய்க்கும். ஆதலின் விளக்கைக் கொட்டகையின் வாயிலையும் நடைபாதையையும் நோக்கித் தாழ்த்தி மாட்டுக. பயிரை நோக்கித் திருப்பற்க. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வெயில் வரவு குறைவதால் விளக்கு விடியுமுன் அணையக் கூடும். அந்நாட்களில் கைவிளக்கொன்றை உடன் கொண்டு செல்லுதல் நலம்.