சிறுநீரகத்துக்கு இனம் உண்டா?

உங்கள் அப்பாருவுக்கோ அம்மிச்சிக்கோ சர்க்கரை நோய் உண்டா? வகுப்பில் கேட்டுப் பாருங்கள்; பல கைகள் உயரும். ஈரோடு மாவட்டத்து நல்லாம்பட்டி ஒரு வேளாண்மை ஊர். கோவை கே.எம்.சி.எச். மருத்துவமனையினர் அங்குள்ள பெரியவர்களின் இரத்தத்தைச் சோதித்து, 2017-இல் முடிவை வெளியிட்டனர். பாதிப் பேருக்கு மேல் நீரிழிவோ அதற்கு முந்தைய நிலையோ இருந்தது! மண்வெட்டி பிடிக்கிறவர்களுக்குச் சர்க்கரை வராது என்ற நம்பிக்கை அங்கே உடைந்தது.

நீரிழிவு உள்ள எல்லோருக்கும் சிறுநீரகம் கெடுவதில்லை. சிலருக்கே கெடுகிறது. அந்தச் சிலர் யார்? இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் இந்திய வம்சாவளியினர் ஏராளம். அவர்களில் நீரிழிவு உள்ளோரையும், அவ்வூர் வெள்ளையரில் நீரிழிவு உள்ளோரையும் மருத்துவர்கள் ஒப்பிட்டனர். சிறுநீரகம் முற்றாகச் செயலிழப்பது நம்மவரிடம் பத்து மடங்குக்கும் அதிகம் என்று 1992-இல் அறிவித்தனர்.

அப்படியானால் கோளாறு நம் இரத்தத்திலேயே இருக்கிறதா? அவசரப்படாதீர்கள். ‘இனம்’ என்ற ஒரு சொல்லுக்குள் பல செய்திகள் ஒளிந்திருக்கின்றன.

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழ பத்து லட்சம் நுண்ணிய வடிகட்டிகள் உண்டு. இவற்றுக்கு நெஃப்ரான்கள் என்று பெயர். பத்து லட்சம் என்பது சராசரிதான். சிலருக்கு அதில் பாதிகூட இராது. தாய் வயிற்றில் இருக்கும்போதே இவை உருவாகி முடிந்துவிடும். நிறைமாதத்தில் பிறந்தபின் புதிதாக ஒன்றும் முளைக்காது. எடை குறைந்து பிறக்கும் குழந்தைக்கு இவை குறைவாகவே அமைகின்றன. புனே அருகிலுள்ள சிற்றூர்களில் ஆராய்ந்த குழந்தைகளின் சராசரிப் பிறப்பெடை 2.7 கிலோ, இங்கிலாந்தின் சவுதாம்டனில் 3.5 கிலோ.

குறைந்தால் என்ன? திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியை நினைத்துக்கொள்ளுங்கள். பத்துத் தையல் மெஷின்கள் முடிக்கவேண்டிய ஆர்டரை ஆறு மெஷின்கள் முடிக்கவேண்டும். இரவு பகலாக ஓடும். சரக்கும் குறித்த நாளில் போய்விடும். வெளியே நிற்பவருக்கு ஒரு குறையும் தெரியாது. ஆனால் மெஷின்கள் தேயும். ஒன்று நின்றால் மற்ற ஐந்தின் சுமை கூடும். நெஃப்ரான்களும் இப்படித்தான். சர்க்கரை மிகுந்தால் வடிகட்டிகளுக்குள் அழுத்தம் ஏறுகிறது. எண்ணிக்கையில் குறைந்தவை சீக்கிரமே தழும்பேறிப்போகின்றன. அமெரிக்க மருத்துவர் பாரி பிரென்னரும் துணைவர்களும் 1988-இல் முன்வைத்த கருத்து இந்த வழியில் வந்ததுதான். இங்கே குற்றவாளி இனமா, தாய்க்குக் கிடைக்காத சோறா?

போதாக்குறைக்கு, ஐரோப்பியரைவிட ஏறத்தாழ பத்தாண்டுகள் முன்பே நமக்கு நீரிழிவு தொடங்கிவிடுகிறது. சிறுநீரகம் சுமக்கும் காலமும் அவ்வளவு நீள்கிறது.

பரம்பரைக்குப் பங்கே இல்லையா? உண்டு. நீரிழிவால் சிறுநீரகம் பழுதானவர்களின் உடன்பிறந்தோருக்கும் நீரிழிவு இருந்தால், அவர்களிடமும் அப்பழுது மிகுதி என்று சென்னை ராயபுரம் எம்.வி. நீரிழிவு மருத்துவமனையினர் 1999-இல் காட்டினர். ஆனால் உடன்பிறந்தோர் பங்கிட்டுக்கொள்வது மரபணுவை மட்டுமா? ஒரே அடுப்பின் சோற்றையும்தானே!

இனத்தைக் கணக்கில் நுழைத்ததால் ஒரு கேடும் விளைந்தது. இரத்தத்திலுள்ள கிரியேட்டினின் அளவைக் கொண்டு சிறுநீரகத் திறனைக் கணக்கிடுவார்கள். 1999-இல் வந்த அமெரிக்க வாய்பாடு ஒன்று, கறுப்பினத்தவர் என்றால் விடையை ஏறத்தாழ 1.2-ஆல் பெருக்கச் சொன்னது. பழுதான சிறுநீரகமும் காகிதத்தில் நலமாகத் தோன்றியது. மாற்றுச் சிறுநீரகத்துக்கான வரிசையில் பலர் பின்தங்கினர். 2021-இல் வந்த புதிய வாய்பாட்டில் இனமே இல்லை. அயல்நாட்டு வாய்பாடுகள் நம்மவரின் சிறுநீரகத் திறனையும் மிகையாகவே காட்டுகின்றன என்று சண்டிகர் ஆய்வாளர்கள் கண்டனர். தசையும் புலாலும் குறைந்த உடலில் கிரியேட்டினினும் குறைவாகத்தானே ஊறும்!

ஆகவே அம்மிச்சியின் ரிப்போர்ட்டில் கிரியேட்டினின் ‘நார்மல்’ என்று இருந்தால் மட்டும் போதாது. சிறுநீரில் ஆல்புமின் என்னும் புரதம் கசிகிறதா என்றும் பார்க்கவேண்டும். சென்னையில் நீரிழிவு உள்ளவர்களைச் சோதித்து 2007-இல் வெளியிட்ட ஆய்வில், நூற்றுக்கு 27 பேரிடம் இக்கசிவு சிறிதளவு இருந்தது. முற்றிய நிலையில் இருந்தவர்கள் 2 பேர்தாம். அந்த 27 பேருக்கு வலியோ வீக்கமோ தெரிந்திராது. இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் அடக்கி, தக்க மாத்திரையும் எடுத்துக்கொண்டால் பெரும்பாலும் அங்கேயே நிறுத்திவைக்கலாம். சோதனைக்கு வேண்டியது காலைச் சிறுநீர் கொஞ்சம். ஆண்டுக்கு ஒரு முறை. ஒரு கிராம் கிரியேட்டினினுக்கு 30 மில்லிகிராம் ஆல்புமினைத் தாண்டினால், ரிப்போர்ட்டை மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்டச் சொல்லுங்கள்.