மெய்நிகர் தொலைபேசி எண்களும் சரிபார்ப்புக் குறியீடுகளும்

இணையத்தின் வாயிலாகக் கணக்கு ஒன்றைத் தொடங்க முற்படும் எவரும் பெரும்பாலும் முதற்கண் தமது தொலைபேசி எண்ணைத் தெரிவிக்க வேண்டியவராகின்றனர். தெரிவித்த சில விநாடிகளில் நான்கு அல்லது ஆறு இலக்கங்கள் கொண்ட குறியீடு ஒன்று அவ்வெண்ணுக்குக் குறுஞ்செய்தியாக வந்து சேருகிறது. அதனை உரிய கட்டத்தில் எழுதிய பின்னரே கணக்கு திறக்கப்படுகிறது. பேச்சு வழக்கில் ‘ஓ.டி.பி.’ எனப்படும் இக்குறியீடு, வங்கி அலுவல் முதல் மாணவர் உதவித்தொகை விண்ணப்பம் வரை எங்கும் பரவியுள்ளது. இணையத்தில் அட்டையின் மூலம் பணம் செலுத்துவோர், அட்டையில் அச்சிடப்படாத வேறொரு சான்றையும் அளிக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதித்த கட்டளை 2009 ஆகஸ்ட் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. நமது நாட்டில் இக்குறியீடு பெருவழக்காயிற்றென்றால் அதற்கு இக்கட்டளை ஒரு முக்கிய காரணமாகும்.

சிம் அட்டை எதுவுமின்றியே இத்தகைய குறியீடுகளைப் பெறலாம் என்னும் செய்தியும் இந்நாளில் பரவி வருகிறது. ‘வர்ச்சுவல் நம்பர்’ எனப்படும் மெய்நிகர் எண்ணை ஒரு சில நிமிஷங்களுக்கோ ஒரு மாதத்துக்கோ வாடகைக்குப் பெறலாம் என்றும், இலவசமாகவே பெறலாம் என்றும் விளம்பரங்கள் கூறுகின்றன. கிராமங்களில் பணியாற்றும் ஊழியர்களிடமும் பள்ளி ஆசிரியர்களிடமும் மக்கள் இதுபற்றி வினவக்கூடும். இவ்வெண்கள் எவ்வாறு இயங்குகின்றன, எங்கே பயன்படுகின்றன, எங்கே கேடு விளைக்கின்றன என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

எண் என்பது ஒரு விலாசம்

தொலைபேசி எண் என்பது ஒரு மனிதரையோ ஒரு கருவியையோ நேராகக் குறிப்பதன்று. செய்தி எவ்வழியே செல்ல வேண்டும் என்பதைக் காட்டும் விலாசமே அது. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் வகுத்துள்ள ஈ.164 என்னும் விதியின்படி, நாட்டுக் குறியீடு உட்பட ஓர் எண்ணில் 15 இலக்கங்களுக்கு மேல் இருத்தலாகாது. இந்தியாவுக்குரிய குறியீடு 91. அதனைத் தொடரும் பத்து இலக்கங்கள் கைப்பேசிச் சந்தாதாரரைச் சுட்டுகின்றன.

வங்கியொன்று குறியீட்டை அனுப்பும்போது, அது முதலில் தொலைபேசி நிறுவனத்தின் குறுஞ்செய்தி மையத்தை அடைகிறது. அம்மையம் சந்தாதாரர் பதிவேட்டைப் பார்த்து, அவ்வெண்ணுக்குரிய கைப்பேசி அவ்வேளையில் எப்பகுதியில் உள்ளது என்பதை அறிகிறது. பின்னர் அப்பகுதியின் கோபுரம் வழியாகச் செய்தி கைப்பேசிக்கு வந்து சேருகிறது. தபால்காரர் கடிதத்தை விலாசத்தில் சேர்ப்பதோடு தம் கடமையை முடித்துக்கொள்வது போலவே, இவ்வமைப்பும் செய்தியை எண்ணில் சேர்ப்பதோடு நின்றுவிடுகிறது. படிப்பவர் யார் என்பது அதற்குத் தெரியாது.

சிம் அட்டையினுள் இருப்பது என்ன?

அங்ஙனமாயின், குறியீட்டைப் பெற்றவர் கணக்குக்கு உரியவரே என்று வங்கி எவ்வாறு நம்புகிறது? அந்நம்பிக்கைக்கு ஆதாரமாக விளங்குவது சிம் அட்டையே. ஒவ்வொரு சிம் அட்டையிலும் ஓர் இரகசிய எண் பதிக்கப்பட்டுள்ளது. அதன் நகல் தொலைபேசி நிறுவனத்தின் பாதுகாப்பு மையத்தில் மட்டுமே உண்டு. கைப்பேசி கோபுரத்துடன் தொடர்பு கொள்ளும்போது, நிறுவனம் ஏதேனும் ஓர் எண்ணைக் கேள்வியாக அனுப்புகிறது. சிம் அட்டை தன்னிடமுள்ள இரகசிய எண்ணைக் கொண்டு அதற்குரிய விடையைக் கணக்கிட்டுத் திருப்புகிறது. விடை சரியாக இருந்தாலன்றி இணைப்புக் கிட்டாது. இரகசிய எண் அட்டையை விட்டு ஒருபோதும் வெளியே வருவதில்லை.

மேலும், நமது நாட்டில் சிம் அட்டை பெறுபவர் தமது அடையாளச் சான்றை அளிக்க வேண்டும். ஆகவே சிம் அட்டை வாயிலாக வரும் குறியீட்டின் பின்னே இரண்டு பிணைப்புகள் உள்ளன. ஒன்று, கையிலிருக்கும் பொருள். மற்றொன்று, பதிவேட்டிலிருக்கும் பெயர்.

மெய்நிகர் எண் இயங்கும் விதம்

மெய்நிகர் எண்ணில் இவ்விரு பிணைப்புகளும் தளர்ந்துவிடுகின்றன. எண்ணுக்கு வரும் செய்தி கோபுரத்துக்குச் செல்லாமல், வாடகை நிறுவனத்தின் கணிப்பொறி ஒன்றில் சென்று முடிகிறது. அக்கணிப்பொறி செய்தியைச் சேமித்து, வாடகைதாரருக்கு இணையப் பக்கத்திலோ மின்னஞ்சலிலோ காட்டுகிறது. வாடகைதாரரிடம் இருப்பது அந்நிறுவனத்தில் அவர் வைத்துள்ள கணக்கின் கடவுச்சொல் ஒன்றே.

இத்தகைய எண்கள் பொதுவாக மூவகைப்படும். ஒரு சந்தாதாரருக்கே நீண்டகாலம் ஒதுக்கப்பட்டிருப்பவை முதல் வகை. ஒரே ஒரு குறியீட்டைப் பெறுவதற்காகச் சில நிமிஷங்கள் மட்டும் வாடகைக்கு விடப்படுபவை இரண்டாம் வகை. வந்த செய்திகள் அனைத்தையும் எவரும் காணும்படி இணையப் பக்கத்தில் வெளியிடும் இலவச எண்கள் மூன்றாம் வகை. இம்மூன்றையும் ஒன்றெனக் கருதுவது தவறு.

பயன்படும் இடங்கள்

மெய்நிகர் எண் தன்னளவில் தீய சாதனமன்று. ஒரு நிறுவனம் ஒரே எண்ணை அறிவித்து, வரும் அழைப்புகளைப் பல ஊழியர்களுக்குப் பிரித்தனுப்ப அது உதவுகிறது. செயலிகளை உருவாக்கும் பொறியாளர்கள், குறியீடு சரியாகச் சென்று சேருகிறதா என்று சோதிப்பதற்கு இவ்வெண்களை உபயோகிக்கின்றனர். பொருள் விற்க விளம்பரம் செய்பவர் தமது சொந்த எண்ணை அறிமுகமில்லாதோரிடம் கொடுக்க விரும்பாமை இயல்பே. இத்தகைய காரியங்களுக்கு, உரிமம் பெற்ற நிறுவனம் வழங்கும் முதல் வகை எண் ஏற்றதாகும்.

கேடு விளையும் இடம்

ஒரு கணக்கைத் தொடங்கும்போது மட்டும் குறியீடு தேவைப்படுவதில்லை. கடவுச்சொல்லை மறந்தபோதும், கைப்பேசியை மாற்றியபோதும், பணம் அனுப்பும்போதும் அது மீண்டும் கேட்கப்படும். பத்து நிமிஷ வாடகைக்குப் பெற்ற எண் அதற்குள் வேறொருவர் கைக்குச் சென்றிருக்கும். அவர் ‘கடவுச்சொல்லை மறந்தேன்’ என்று தெரிவித்தால், புதிய குறியீடு அவருக்கே வரும், கணக்கும் அவருடையதாகிவிடும். இலவசப் பக்கங்களைப் பற்றியோ கூறவே வேண்டுவதில்லை. அங்கே குறியீடு வந்த கணமே அதனை உலகத்தார் அனைவரும் படிக்கலாம்.

கைமாறிய எண்ணினால் விளையும் இவ்வபாயம் வெறும் கற்பனையன்று. அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள், அந்நாட்டின் இரு பெரிய கைப்பேசி நிறுவனங்கள் புதியவர்களுக்கு வழங்க வைத்திருந்த எண்களுள் 259ஐ ஆராய்ந்து, தமது முடிவுகளை 2021இல் வெளியிட்டனர். அவற்றுள் 171 எண்கள், முன்பு வைத்திருந்தோரின் இணையக் கணக்குகளுடன் அப்பொழுதும் பிணைக்கப்பட்டிருந்தன. இவை சாதாரணக் கைப்பேசி எண்களே. இந்தியாவில் துண்டிக்கப்பட்ட கைப்பேசி எண்ணைக் குறைந்தது 90 நாட்களுக்கு வேறொருவருக்கு வழங்கலாகாது என்னும் விதி உண்டு. அக்காலத்துக்குள் உரியவர் தம் கணக்குகளை வேறு எண்ணுக்கு மாற்றிக்கொள்ளலாம். சில நிமிஷ வாடகை எண்ணில் இத்தகைய இடைவெளியை எதிர்பார்க்க இயலாது.

மோசடிக்காரர்களின் கருவி

தம் அடையாளத்தை மறைக்க விரும்பும் மோசடிக்காரர்களுக்கு வாடகை எண்கள் பெரிதும் துணை புரிகின்றன. 2025 அக்டோபரில் ஐரோப்பியப் போலீஸ் ஸ்தாபனமான யூரோபோலின் ஒத்துழைப்புடன் லாட்வியாவில் நடைபெற்ற சோதனையில், ஏறத்தாழ 1,200 சிம் பெட்டிக் கருவிகளும், அவற்றில் இயங்கி வந்த 40,000 சிம் அட்டைகளும் கைப்பற்றப்பட்டன. 80க்கு மேற்பட்ட நாடுகளில் பதிவான எண்களை வாடகைக்கு விட்ட அவ்வமைப்பின் மூலம் 4.9 கோடிக்கும் அதிகமான இணையக் கணக்குகள் தொடங்கப்பட்டதாக யூரோபோல் அறிவித்தது. அங்கே சிம் அட்டைகள் மெய்யானவையே. எனினும் அவை குறியீட்டைப் பெறுபவரின் கையில் இல்லை. ஆதலால் வாடகைதாரரைப் பொறுத்தவரை அவையும் மெய்நிகர் எண்களே.

இக்காரணங்களால் கட்டுப்பாடுகள் பெருகி வருகின்றன. அமெரிக்கத் தேசியத் தர நிர்ணய நிலையம் 2017இல் வெளியிட்ட நெறிமுறைகள், இணையவழித் தொலைபேசி எண்ணை அடையாளச் சரிபார்ப்புக்கு உபயோகிக்கலாகாது என்று கூறின. நமது நாட்டின் யு.பி.ஐ. முறையில், பதிவின்போது கைப்பேசியிலுள்ள சிம் அட்டையிலிருந்தே வங்கியின் அமைப்புக்கு ஒரு செய்தி அனுப்பப்படுகிறது. செய்தியைப் பெற மட்டுமே வல்ல எண் அங்கே பயன்படாது. தொலைத்தொடர்புச் சட்டம், 2023, மோசடியாலோ ஆள்மாறாட்டத்தாலோ சிம் அட்டை முதலிய தொலைத்தொடர்பு அடையாளங்களைப் பெறுவோருக்கு மூன்று ஆண்டுகள் வரை சிறைத் தண்டனையோ, 50 லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்க வகை செய்கிறது.

ஊழியரின் எண்ணும் பிறர் எண்ணே

களப்பணியாளர்கள் சிறப்பாகக் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. கைப்பேசியில்லாத ஒரு மூதாட்டிக்கு ஓய்வூதிய விண்ணப்பத்தை நிரப்பும் ஊழியர், வேலை விரைவில் முடியும்பொருட்டுத் தமது எண்ணையே எழுதிவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய நோக்கம் நல்லதே. ஆயினும் மூதாட்டியைப் பொறுத்தவரை அது வாடகை எண்ணைப் போன்றதே. ஊழியர் மாற்றலாகிச் சென்றாலோ எண்ணைக் கைவிட்டாலோ, ஓய்வூதியம் பற்றிய அறிவிப்புகள் அவரை எட்டமாட்டா. எண் அடுத்து யாரிடம் செல்கிறதோ அவரிடமே குறியீடுகளும் செல்லும். மாணவர்களின் உதவித்தொகைக் கணக்குகளில் ஆசிரியர் தம் எண்ணைப் பதிவதும் இத்தகையதே.

ஆகவே கீழ்க்கண்ட முறைகளைக் கையாளுதல் நலம்.

1. பணம், ஆதார், ஓய்வூதியம், மாணவர் பதிவு ஆகியவற்றுக்கு உரியவர் பெயரில் உள்ள சிம் எண்ணையே பதிய வேண்டும். அது இல்லாவிடத்து அதே வீட்டில் வாழும் நெருங்கிய உறவினரின் எண்ணை, அவரது சம்மதத்துடன் பதியலாம்.

2. பள்ளி அல்லது அலுவலகத்தின் பொதுக் கணக்குகளுக்கு அலுவலகத்தின் பெயரில் பெற்ற எண் வேண்டும். பொறுப்பை ஒப்படைக்கும்போது அந்தச் சிம் அட்டையையும் பட்டியலில் சேர்த்து ஒப்படைத்தல் வேண்டும்.

3. எண்ணைக் கைவிடுமுன், அதனுடன் பிணைந்துள்ள கணக்குகள் ஒவ்வொன்றிலும் புதிய எண்ணைப் பதிய வேண்டும்.

4. ‘உங்கள் எண்ணுக்கு வரும் குறியீட்டைச் சொன்னால் பணம் தருகிறோம்’ என்போரின் வார்த்தையை நம்பலாகாது. அவ்வாறு செய்பவர் தமது பெயரையே வாடகைக்கு விடுபவராவார்.

5. தமது பெயரில் எத்தனை இணைப்புகள் உள்ளன என்பதைத் தொலைத்தொடர்புத் துறை 2023இல் தொடங்கிய ‘சஞ்சார் சாத்தி’ தளத்தில் அறிந்துகொள்ளலாம். பணம் பறிபோனால் தாமதமின்றி 1930 என்னும் எண்ணுக்குத் தெரிவிக்க வேண்டும்.

எண்ணே தேவைப்படாத வழி

எண்ணை வெளியிட விரும்பாதவர்களுக்கு மெய்நிகர் எண்ணைவிடச் சிறந்த வழி ஒன்று உண்டு. கணக்கைத் தொடங்கும்போது இணையதளமும் கைப்பேசியிலுள்ள ஒரு செயலியும் ஓர் இரகசியத்தைப் பகிர்ந்துகொள்கின்றன. பின்னர் அவ்விரகசியத்தையும் கடிகார நேரத்தையும் சேர்த்துக் கணக்கிட்டு, இரண்டும் ஒரே குறியீட்டைத் தனித்தனியே உண்டாக்குகின்றன. வழக்கமாக 30 விநாடிகளுக்கு ஒருமுறை அது மாறுகிறது. 2011இல் தரப்படுத்தப்பட்ட இம்முறையில் குறுஞ்செய்தி வேண்டுவதில்லை. கோபுரத்தின் தொடர்பும் வேண்டுவதில்லை. மலைப்பகுதிகளில் பணி செய்வோருக்கு இது பெரிதும் உதவும். ஆனால் கைப்பேசி தொலைந்தால் கணக்கை மீட்பதற்கென அளிக்கப்படும் மாற்றுக் குறியீடுகளைத் தாளில் எழுதிப் பத்திரமாக வைத்தல் அவசியம்.

வகுப்பில் இதனை விளக்கும் ஆசிரியர்கள், ஒரு கணக்கைத் தொடங்குமுன் மாணவர் தமக்குள் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றைக் கற்பிக்கலாம்: ஓராண்டு கழித்து இக்கணக்குக்கு ஒரு குறியீடு வந்தால், அது யார் கையில் சேரும்? அதற்குத் திட்டமான விடை கூற இயலாத எண்ணில், இழக்க விரும்பாத எதையும் பதிதல் கூடாது.