ஏதென்ஸ் முதல் எட்டயபுரம் வரை

ஏதென்ஸ் எங்கே, எட்டயபுரம் எங்கே! அது அலைகடல் ஓரத்து மாநகர். இது கரிசல் காட்டுப் பாளையம். அங்கே பளிங்குக் கோயில், இங்கே மண்கோட்டை. இடையே இரண்டாயிரத்து இருநூறு ஆண்டுகள்! ஆயினும் இரண்டு வரலாற்றையும் அருகருகே வைத்துப் பாருங்கள், தோழர்களே! ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் போலத் தோன்றும். ஒற்றுமையின்மை என்பதுதான் அந்தத் தாயின் பெயர்!

பண்டைய கிரேக்கம் ஒரே நாடாக இருந்ததில்லை. நகரத்துக்கு ஓர் அரசு, அரசுக்கு ஒரு படை. கி.மு. 480-ல் பாரசீகப் பேரரசு படையெடுத்து வந்தபோது அந்த நகரங்களில் பல கைகோத்தன. தெர்மாபிலே கணவாயில் ஸ்பார்ட்டா வீரன் மார்பு காட்டினான். சலாமிஸ் கடலில் ஏதென்ஸ் மாலுமி துடுப்பு வலித்தான். மலைபோல் வந்த பாரசீகம் அடுத்த ஆண்டுக்குள் தோற்றுத் திரும்பிற்று.

அரை நூற்றாண்டு கழியவில்லை. கி.மு. 431-ல் அதே ஏதென்சும் அதே ஸ்பார்ட்டாவும் ஒன்றின் கழுத்தை ஒன்று பிடித்தன. இருபத்தேழு ஆண்டுகள்! கொள்ளைநோய் ஏதென்ஸ் மக்களைத் தின்றது. தலைவன் பெரிக்ளிசையும் தின்றது. சிசிலிக்குப் போன கப்பற்படை திரும்பவில்லை. முடிவில் ஸ்பார்ட்டா வென்றது. எப்படி வென்றது? பாரசீகத்திடம் பொன் வாங்கி, அந்தப் பொன்னால் கப்பற்படை திரட்டி வென்றது! எந்தப் பாரசீகம்? தன் மன்னன் லியோனிடாஸ் எந்தப் பாரசீகத்தை எதிர்த்து மடிந்தானோ, அதே பாரசீகம்! கி.மு. 404-ல் ஏதென்சின் மதில்கள் குழலிசை முழங்க இடிக்கப்பட்டன. இடித்தவர்கள் அதை விடுதலை நாள் என்று எண்ணிக் களித்தார்கள். வந்தது விடுதலையா? கி.மு. 386-ல் பாரசீக மன்னன் வகுத்ததே கிரேக்கத்துக்கு உடன்படிக்கை ஆயிற்று. கி.மு. 338-ல் கைரோனியாக் களத்தில் மாசிடோனியத்துப் பிலிப் ஏதென்சையும் தீப்சையும் ஒருசேர வீழ்த்தினான். அண்ணன் தம்பி அடித்துக்கொண்ட வீட்டில் அடுத்தவன் வந்து நாற்காலி போட்டுக்கொண்டான்!

இனி நம் நெல்லைச் சீமைக்கு வருவோம்.

மதுரை நாயக்கர் காலத்தில் வகுக்கப்பட்டவை 72 பாளையங்கள். பாளையத்துக்கு ஒரு கோட்டை. கோட்டைக்கு ஒரு கொடி. 1755-ல் கர்னல் ஹெரான் படையோடு வந்தபோது நெற்கட்டும்செவல் பூலித்தேவன் கப்பம் தர மறுத்தான். மேற்குப் பாளையங்களை ஓரணியாகத் திரட்ட முயன்றான். கிழக்குப் பாளையங்களோ அந்த அணியில் சேரவில்லை. மேற்கே மறவர், கிழக்கே நாயக்கர் என்று பிரிந்துகிடந்தது சீமை. மேற்கு எரிந்தபோது கிழக்கு வேடிக்கை பார்த்தது. கிழக்கின் முறை வந்தபோது துணைக்கு வர மேற்கில் வலுவில்லை!

1799 செப்டம்பர் 5-ல் பானர்மன் படை பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைத் தாக்கிற்று. எட்டயபுரம் யார் பக்கம்? வெள்ளையன் பக்கம்! எல்லைத் தகராறு, கிராமத் தகராறு, தலைமுறைப் பகை. கட்டபொம்மனைப் பிடித்துக் கொடுத்தது புதுக்கோட்டைத் தொண்டைமான் படை. அக்டோபர் 16-ல் கயத்தாற்றில் தூக்குக்கயிறு. பக்கத்துப் பாளையக்காரர்களைக் கூட்டிவைத்து, அவர்கள் கண்முன்னே அதை நடத்தினார்கள். கயிறு ஒன்று, பாடம் பலருக்கு!

1801 பிப்ரவரியில் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து ஊமைத்துரை தப்பினான். இடித்த கோட்டை மீண்டும் எழுந்தது. அந்த ஆண்டுப் போரில் ஸ்ரீவைகுண்டத்துக் கோயிலே கோட்டையாகப் பயன்பட்டது. மார்ச் 31-ல் மெக்காலேயின் படை பாஞ்சாலங்குறிச்சியில் மோதி முறிந்தது. பிறகு? ஏறத்தாழ இரண்டு மாதம் புதுப்படைக்காகக் காத்துக்கிடந்தான் வெள்ளையன். மே 24-ல் அக்னியூ தலைமையில் வந்த பெரும்படை கோட்டையைப் பிடித்தது. காத்துக்கிடந்த அந்த நாட்களிலும் எட்டயபுரத்துப் படை வெள்ளையனுக்குத் துணை நின்றது.

இங்கேதான் கேட்கத் தோன்றுகிறது: எட்டயபுரமும் பாஞ்சாலங்குறிச்சியும் இணைந்திருந்தால்?

மதுரையிலிருந்து வரும் வடக்குப் பாதை அடைபட்டிருக்கும். காடும் தடமும் அறிந்த வழிகாட்டிகள் வெள்ளையனுக்குக் கிடைத்திருக்க மாட்டார்கள். அந்த இரண்டு மாதமும் அவனுக்கு ஓய்வு மாதமாக அமையாமல் உயிர்ப்போராட்டமாக அமைந்திருக்கும். மருதிருவர் ஜூன் மாதம் திருச்சியில் ஒட்டிய அறைகூவல், வீழ்ந்த கோட்டையின் செய்திக்குப் பின்னால் வராமல், வென்ற கோட்டையின் செய்தியோடு சேர்ந்து பறந்திருக்கும்!

வெள்ளையன் ஓடியே போயிருப்பானா? அப்படிச் சொல்வது ஆசை, அறிவு அன்று. மைசூரின் திப்பு 1799 மே 4-ல் வீழ்ந்துவிட்டான். கும்பெனியின் பீரங்கிக்கும் பணப்பெட்டிக்கும் தட்டுப்பாடில்லை. ஆனால் ஒன்று உறுதி. 1801-ன் முடிவில் கோட்டைகள் இடிக்கப்பட்டன, ஆயுதங்கள் பறிக்கப்பட்டன, பாளையங்கள் ஜமீன்களாகச் சுருங்கின. அந்த அடிமைச் சீட்டை அவ்வளவு மலிவாக எழுதி வாங்கியிருக்க முடியாது!

இன்னொரு கேள்வியும் உண்டு. அதையும் கேட்டாக வேண்டும். பாளையக்காரர்கள் வென்றிருந்தால் உழுதவன் வென்றிருப்பானா? ஏதென்சின் மக்களாட்சியில் அடிமைக்கு வாக்கில்லை, பெண்ணுக்கும் வாக்கில்லை. ஸ்பார்ட்டாவின் வீரம், ஹெலட் என்னும் பண்ணையடிமைகளின் முதுகில் நின்ற வீரம். நம் பாளையங்களிலும் காவல் வரி கொடுத்தவன் குடியானவன். ஸ்ரீவைகுண்டத்து நெற்களஞ்சியத்தைத் தானாபதிப் பிள்ளை கொள்ளையிட்ட கதையைக் கதைப்பாடல்கள் சொல்கின்றனவே, அந்த நெல்லை விளைத்தவன் பெயரை எந்தப் பாடல் சொல்கிறது? கோட்டையும் கோட்டையும் கூடுவது கூட்டணி. மனிதனும் மனிதனும் சமமென்று கூடுவதுதான் ஒற்றுமை. முன்னதைக்கூடச் செய்யாமல் வீழ்ந்தார்கள் அவர்கள். பின்னதைச் செய்ய வேண்டியவர்கள் நாம்!

செய்தோமா?

ஸ்ரீவைகுண்டம் ஊருக்குள்ளேயே ஒரு மண்கோட்டை இருந்தது. கோட்டைப் பிள்ளைமார் வாழ்ந்த கோட்டை. அங்கே பிறந்த பெண் அந்தச் சுவரைத் தாண்டுவதில்லை என்பது குல வழக்கு. காலம் வந்தது, கல்வி வந்தது, கட்டு உடைந்தது, பெண்கள் வெளியே வந்தார்கள். வானம் இடிந்துவிழவில்லை! மண்சுவர் போயிற்று. மனச்சுவர்?

நாங்குநேரியில் 2023-ல் வீடு புகுந்து ஒரு மாணவனை வெட்டியவர்கள் அவனோடு படித்த மாணவர்கள். 2025 மார்ச்சில் ஸ்ரீவைகுண்டம் வட்டாரத்திலேயே, தேர்வெழுதப் பேருந்தில் போன பதினோராம் வகுப்பு மாணவனை இறக்கி வெட்டினார்கள். கையில் பேனா பிடிக்கும் வயது. அந்தக் கையின் விரல்களே வெட்டுப்பட்டன! சாதிக்கு ஒரு நிறம், நிறத்துக்கு ஒரு கயிறு என்று பள்ளிப் பிள்ளைகள் மணிக்கட்டில் கட்டித் திரிகிறார்கள். அதைத் தடை செய்யுங்கள், பள்ளிப் பெயர்களில் உள்ள சாதியை நீக்குங்கள் என்று 2024 ஜூனில் முதலமைச்சர் மு.க.ஸ்டாலினிடம் அறிக்கை தந்தார் நீதிநாயகம் சந்துரு. அறிக்கை கோட்டைக்கு வந்துவிட்டது. அது குடிசைக்கும் மாடிக்கும் போய்ச் சேர வேண்டாமா?

எட்டப்பன் என்று எவனையோ ஏசுவது எளிது. பக்கத்துத் தெருக்காரனை வீழ்த்தினால் போதும், வெளியிலிருந்து வருகிறவன் யாரானாலும் சரி என்று எண்ணுகிற எவனும் எட்டப்பனே! அவன் எல்லாச் சாதியிலும் இருக்கிறான். 1974-ல் கலைஞர் ஆட்சி பாஞ்சாலங்குறிச்சியில் நினைவுக் கோட்டை எழுப்பியது, சுற்றிப்பார்த்துச் சுண்டல் தின்பதற்காக அன்று. இடிந்தது ஏன் என்று எண்ணிப்பார்ப்பதற்காக!

இளைஞனே, ஒருநாள் ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டில் போய் நின்று பார். வடகால் ஒருபுறம் பிரிகிறது, தென்கால் மறுபுறம் பிரிகிறது. எந்த வயல் எவன் வயல் என்று தாமிரபரணி கேட்பதில்லை. வாய்க்கால் இரண்டு, ஆறு ஒன்று! அந்த ஆற்றைக் குடித்து வளர்ந்த நீ, மணிக்கட்டில் கட்டிய கயிற்றை இன்றே அறுத்து எறி. ஏதென்ஸ் செய்யத் தவறியதை, எட்டயபுரம் செய்ய மறுத்ததை, உன் பள்ளிக்கூடத்து வாசலில் நீ செய்து காட்டு!